பாட்டு மேடம் வாயை மூடிய ஆறு நாள்

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பாட்டு மேடத்தின் விஷயத்தில் கூடவே பத்து விரல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் வருவதற்குள் அதன் கதவில் ஒரு தாளம். சாப்பிடும்போது கரண்டியால் தட்டில் ஒரு தாளம். வங்கி வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் திரும்பி முறைக்கும்வரை மூக்கால் ஒரு முனகல். "நீ சும்மா இருக்கறதைப் பாக்கணும்னா மயக்க மருந்துதான் குடுக்கணும்" என்பார் அவளுடைய கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பொறுமை அவருக்குத் தொழில் தந்த சொத்து. அது கடைசிவரை வீட்டில் இன்னொருவருக்கு ஒட்டவேயில்லை.

மறுவாழ்வு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அவளுக்கு ஓர் அறை உண்டு. கதவில் 'இசைச் சிகிச்சை' என்று பலகை தொங்கும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை; 'பாட்டு மேடம் ரூம்' என்று கேட்டால்தான் காவலாளி வழி சொல்வார். உள்ளே ஒரு பழைய கீபோர்டு, நான்கு டிரம், ஒரு மேசை, மூன்று நாற்காலி. "இங்க பாட்டு கத்துக் குடுக்கறீங்களா?" என்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு அவள் வைத்திருக்கும் பதில் ஒன்றே: "இல்லைங்க. பாட்டை வச்சு வேற வேலை வாங்கறோம்."

இரண்டு அறை வீட்டில் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவள். அந்த வீட்டில் சத்தம் போடாத பிள்ளைக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைக்கும். அவள் சாப்பாடு ஒருநாளும் ஆறியதில்லை. வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரானாள். அங்கே ஒரு மாணவி; பேசினால் ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் திக்கி நிற்கும். கூட்டமாகப் பாடும்போது மட்டும் தண்ணீர் போல ஓடும். இது எப்படி என்று தலைமையாசிரியரைக் கேட்டாள். "அதது அப்படித்தான்" என்றார் அவர். அதது அப்படித்தான் என்று விட்டுவிடுகிற பிறவியா அவள்? நச்சரித்து, விசாரித்து, முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு இதைப் படிக்கப் போனாள். இப்போது நாற்பத்தேழு.

காலையில் முதல் வேலை குறைமாதக் குழந்தைகளின் அறை. உள்ளங்கை அளவுக் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விடுவதைப் பார்த்து, அந்த மூச்சின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொருந்த இரண்டே சுரத்தை முனக வேண்டும். பக்கத்துத் திரையில் இதயத் துடிப்பு எண்ணாக ஓடும். எண் இறங்கி நிலைத்தால் குழந்தை அமைதியாகிறது என்று அர்த்தம். ஏறினால் வாயை மூடிக்கொண்டு நகர வேண்டும். பிறகு பதினொரு மணிக்கு எட்டு வயதுப் பெண் ஒருத்தி வருவாள். பேசமாட்டாள், யாரையும் தொடவிடமாட்டாள், டிரம்மை ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருப்பாள். பதிலுக்கு ஒருமுறை தட்டினால் ஏற்றுக்கொள்வாள். இரண்டுமுறை தட்டினால் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். பாட்டு மேடம் அவளிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தத் தண்டனையை வாங்குவது உண்டு.

மூன்று மணிக்கு டைலர் சார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். மனைவி போன பிறகு வீட்டில் தனியாள். நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்து சமையலறையில் விழுந்தார். வலது கையும் காலும் தொய்ந்தன. பேச்சு போயிற்று. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுத்தும் விட்டார், எதிர்முனையில் மகன் "அப்பா? அப்பா?" என்று கத்துவதும் காதில் விழுந்தது. வாயில்தான் ஒன்றும் வரவில்லை. வேறு ஊரில் இருந்த மகன் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துக் கதவை உடைக்கச் சொல்வதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிட்டது.

அவரிடம் மிஞ்சிய சொல் ஒன்று. "அதான்." பசிக்கிறதா என்றால் "அதான்". வலிக்கிறதா என்றால் "அதான்". கோபம் வந்தாலும் "அதான் அதான் அதான்". அறிவு அப்படியே இருந்தது, கண் அப்படியே இருந்தது. நர்ஸின் சட்டைக் கை ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் தைத்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிற அளவுக்கு. சொல் மட்டும் உள்ளே பூட்டிக்கொண்டது.

பேச்சு அடைபட்டவர்களில் சிலருக்குப் பாட்டின் வழி திறந்தே இருக்கும். எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு. அதனால் ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று இரண்டே சுரத்தில் போட்டு, நோயாளியின் இடது கையை மேசையில் தட்டித் தட்டி, முதலில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள். பிறகு சொல்லிக் கொடுப்பவர் தன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் முழுதாக விலகிக்கொள்ள வேண்டும். பாடப் பாட அந்த மெட்டும் உதிர்ந்து, வாக்கியம் பேச்சாக நிற்க வேண்டும். படிப்பில் இதைப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள்.

டைலருக்கு அவள் மெட்டுப் போட்டது மூன்று வரி. "விழுந்துட்டேன். ஆள் அனுப்புங்க. பதினாலாம் நம்பர், கீழ் வீடு."

ஏன் இந்த வரிகள் என்றால், அவற்றில்தான் அவருடைய வீடே தொங்கிக்கொண்டிருந்தது. தனியாக வாழ விரும்புகிறவரால் ஆபத்து என்றால் தானாகவே போனில் சொல்ல முடிகிறதா என்று வீட்டுப் பராமரிப்பு அதிகாரி சோதிப்பார். முடிந்தால் தினம் ஓர் உதவியாளர் வந்துபோக, சொந்த வீட்டில் இருக்கலாம். முடியாவிட்டால் மகன் பதிந்து வைத்திருக்கும் முதியோர் இல்லம். இல்லத்தில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. தையல் மெஷினுக்கு இடம் கிடையாது. அந்தப் பேச்சு வந்தாலே டைலர் "அதான்!" என்று இடது கையால் மேசையை அறைவார்.

மகனையும் குறை சொல்வதற்கில்லை. "மேடம், எனக்கு மட்டும் ஆசையா? அந்த ஆறு மணி நேரம் இன்னும் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு" என்றான் ஒருமுறை.

எட்டு வாரத்தில் டைலர் மூன்று வரியையும் பாடினார். பாட்டு மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. போனில் பதிவு செய்து, அறிக்கையோடு அதிகாரிக்கு அனுப்பினாள். சோதனைக்கு அடுத்த புதன் காலை பத்து மணி என்று நாள் குறித்தார்கள்.

வியாழக்கிழமை அதிகாரி கூப்பிட்டார். மென்மையான குரல், ஆனால் அளந்து பேசுகிற பெண்மணி.

"மேடம், பதிவைக் கேட்டேன். இதுல ரெண்டு குரல் இருக்கே?"

"இல்லைங்களே. மூணு வாரமா அவர் தனியாத்தான் பாடறாரு. நான் கையை மட்டும்தான் தட்டறேன்."

"நீங்களே ஒருதடவை கேட்டுப் பாருங்க."

கேட்டாள். காதில் இயர்போனை அமுக்கிக்கொண்டு கேட்டாள். டைலரின் கரகரத்த குரலுக்குக் கீழே, சட்டைக்கு உள்துணி மாதிரி, சீராக ஒரு முனகல். "விழுந்-" என்பதற்கு அரைக் கணம் முன்னால் அது தொடங்குகிறது. "கீழ் வீடு" முடிந்த பிறகே அது ஓய்கிறது. அவளுடைய குரல்தான். மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருப்பதாக அவள் சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். மூக்கு அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று மூன்று மணிக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டைலர் அவள் முகத்தையே பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. "அதான்" என்றார். மறுபடி முயன்றார். "அதான்." மூன்றாவது முறை அவர் நெற்றியில் வேர்த்தது. எட்டு வாரமாகப் பாடியது யார்? அவரா, இவளா?

வெள்ளிக்கிழமை குறைமாதக் குழந்தைகளின் அறையில் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று முனகத் தொடங்கினாள். திரையில் எண் நூற்று ஐம்பதிலிருந்து நூற்று அறுபது, அறுபத்தெட்டு என்று ஏறியது. நர்ஸ் அக்கா வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"இன்னைக்கு வேணாம், மேடம்."

"நான் எப்பவும் பாடறதைத்தானே பாடினேன்?"

"பாட்டு அதேதான். ஆனா வேகமாப் போயிட்டீங்க. குழந்தை மூச்சைப் பாக்கவே இல்ல. வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

டீயைக் குடித்தாளா, கொட்டினாளா என்று அவளுக்கே நினைவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே யோசித்தாள். குழந்தைக்குத் திரை இருக்கிறது. அந்த டிரம் பெண்ணுக்குச் சுவர் இருக்கிறது. போதும் என்றால் அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். டைலரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அவர் எத்தனைமுறை போதும் என்று சொல்லியிருப்பாரோ, அதுவும் 'அதான்' என்றுதான் வந்திருக்கும்.

சனிக்கிழமை பல்லுக்கு நடுவே ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு டைலரின் எதிரில் உட்கார்ந்தாள். பென்சில் இருந்தால் முனக வராது என்று கணக்கு. முனகல் வரவில்லை; எச்சில் வந்தது. டைலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வார்த்தை போன மனிதரின் முகத்தில் 'இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று' என்பது பளிச்சென்று எழுதியிருந்தது. "விழு-" வரை வந்தார். அதற்குமேல் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டில் வைத்திருக்க முடியாமல், கணவர் தன்னுடைய காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர்; ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். பயிற்சி கார் என்பதால் கணவரின் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. பின்சீட்டிலிருந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்தினாள் பாட்டு மேடம். பல் டாக்டர் பதறிப்போய் ஹாரனை அமுக்கினார். கணவரின் கால் அசையவேயில்லை. கார் எப்படியோ கோணலாக வளைந்து, லாரிக்கு வழிவிட்டு நின்றது.

டாக்டர் இறங்கிப் போன பிறகு கேட்டாள். "ஏன் பிரேக் போடல?"

"போட்டா, ஓட்டறது நானு. அவரில்ல."

"இடிச்சிருந்தா?"

"இடிக்கற மாதிரி இருந்தா போட்டிருப்பேன். எனக்குப் பயமா இருக்கறதுக்கும் இடிக்கறதுக்கும் நடுவுல கொஞ்சம் தூரம் இருக்கு. அந்தத் தூரம்தான் என் வேலை." அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "எனக்கும் உள்ளங்கால் கூசத்தான் செஞ்சது."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. சரியான பேச்சைக் கேட்டால் அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வரும்.

திங்கட்கிழமை பென்சில் இல்லை. வாயை இறுக மூடி, மூக்கால் மூச்சை மட்டும் விட்டாள். முனகல் இல்லை, நிச்சயமாக இல்லை, பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தட்டுவதையும் நிறுத்தியிருந்தாள். நிமிஷம் போனது. டைலரின் உதடு அசைந்தது, நின்றது. அவர் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி மேசைமேல் நிலைத்தது. அங்கே அவளுடைய விரல்கள், எஜமானியைக் கேட்காமலே, மூன்று வரியின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

டைலர் இடது கையை நீட்டி அந்த விரல்களை மேசையோடு சேர்த்து அமுக்கினார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"சும்மா... இரும்மா!"

அவளுக்கு முதலில் புரியவேயில்லை. இந்த வாக்கியத்துக்கு அவள் மெட்டுப் போடவில்லை. சொல்லிக் கொடுக்கவில்லை, தட்டவில்லை, முனகவில்லை. நாலு மாதத்தில் அந்த மனிதர் தானாகப் பேசிய முதல் வாக்கியம், அவளை வாயை மூடச் சொன்னதுதான். வாழ்நாள் முழுக்க ஆயிரம் பேர் அவளிடம் சொன்ன அதே சொல். அம்மா சொன்னாள், டீச்சர்கள் சொன்னார்கள், கணவர் தினமும் சொல்கிறார். அன்றுதான் அவள் கேட்டாள்.

அறை அமைதியானது. அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. மேசைக்கு அடியில், தரையில், மெல்லத் தேய்வதும் தட்டுவதுமாக ஒன்று. குனிந்து பார்த்தாள். டைலரின் இடது கால். குதிகால், முன்பாதம், குதிகால், முன்பாதம் என்று இல்லாத மெஷினின் மிதிபலகையை மிதித்துக்கொண்டிருந்தது. அவள் தட்டிய வேகத்தில் பாதிதான் இருக்கும். முப்பத்தெட்டு வருஷத்து வேகம். எட்டு வாரமாக அது மேசைக்கடியில் மிதித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மேலே இவள் போட்ட கூத்தில் எங்கே கேட்பது! வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"டைலர் சார், உங்க இஷ்டத்துக்கு மிதிங்க" என்றாள். "நான் குறுக்க வரமாட்டேன்."

அவர் மிதித்தார். வெகுநேரம் மிதித்துக்கொண்டே இருந்தார். நூலைக் கோக்கிறார் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு வந்தது: "விழுந்... துட்டேன்." ஒரு சுற்று. "ஆளனுப்... புங்க." கடைசி வரி அன்று வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்து முறையில் இரண்டு முறை வந்தது. ஐந்தில் இரண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வீட்டைக் காப்பாற்ற முடியுமா என்று இரவு முழுக்கப் புரண்டாள்.

புதன் காலை, இரண்டாம் மாடியிலிருக்கும் பயிற்சிச் சமையலறை. அடுப்பு உண்டு, எரியாது. குழாய் உண்டு, தண்ணீர் வராது. மேடைமேல் ஒரு போன், அது மட்டும் நிஜம். டைலரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதிகாரி கீழ்த்தளத்தில் தன் அறையிலிருந்து கூப்பிடுவார். உள்ளே வேறு யாரும் இருக்கக்கூடாது. பாட்டு மேடமும் மகனும் வெளியே நடைபாதையில் நின்றார்கள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. நாலு விரல் இடைவெளி. போனின் ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

மணி அடித்தது. அவர் எடுத்தார்.

"வணக்கம், அவசர உதவி. சொல்லுங்க."

நாற்காலி கிறீச்சிட்டது.

"ஹலோ? சொல்லுங்க."

"அதான்" என்றது உள்ளேயிருந்து.

மகன் சுவரோரமாகச் சரிந்தான். முதியோர் இல்லத்துக்குப் விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தவன் அவன்தான். தோற்றால் அவன் நினைத்தது நடக்கும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால், அந்த ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி போய் நிற்கிறான் என்று தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், கொஞ்சம் எடுத்துக் குடுங்க மேடம். இங்கிருந்தே. மெதுவா. அவருக்கு மட்டும் கேக்கும்."

கேட்கும்தான். நாலு விரல் இடைவெளி போதும். 'விழுந்' என்ற முதல் சுரம் அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை வெளியே விடுவதற்கு மூச்சுக்கூடத் தேவையில்லை. விட்டால் அவர் பிடித்துக்கொள்வார், மூன்று வரியும் சரசரவென்று வந்துவிடும், வீடு அவருக்கு. அப்புறம் ஒரு நாள் நிஜச் சமையலறையில் நிஜமாக விழுவார். அங்கே கதவுக்குப் பின்னால் அவள் நிற்கமாட்டாள்.

"சும்மா இருங்க தம்பி" என்று உதட்டசைவில் மட்டும் சொன்னாள். தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள். உள்ளங்கால் கூசியது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

தரையில் தேய்ந்தது. குதிகால், முன்பாதம். குதிகால், முன்பாதம். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அவள் எண்ணவில்லை, எண்ணினால் விரல் ஆடிவிடும்.

"விழுந்... துட்டேன்."

மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆளனுப்... புங்க." நீண்ட மிதி. "பதினா... லாம் நம்பர்." அதற்கும் நீண்ட மிதி. எங்கோ ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது, அதை அவள் சபித்தாள். "கீழ்... வீடு."

முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் அதிகாரி அளந்து பேசுகிறவர் மட்டுமல்ல, அளந்தும் பார்க்கிறவர். அந்தப் பதிவை அவர் மறக்கவில்லை.

"நன்றிங்க. ஒரே ஒரு கேள்வி. பக்கத்துல யாராவது உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்களா?"

இதற்கு மெட்டு கிடையாது. பயிற்சி கிடையாது. 'அதான்' என்று சொல்லிவிட்டால் 'ஆமாம்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

உள்ளே கால் மிதித்தது. அவசரமே படாமல் மிதித்தது.

"யாரும்... இல்ல."

பாட்டு மேடம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், டிரம் பெண் திருப்பிக்கொள்வதைப்போல. தோள் குலுங்கியது. மகன் பயந்துவிட்டான்.

"என்ன மேடம், எதுக்கு அழறீங்க? நல்லாத்தானே சொன்னாரு?"

"யாரும் இல்லன்னு சொல்லிட்டாருப்பா" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். "கேட்டியா? யாருமே இல்லையாம்!"

கக்கத்தில் செருகிய கைகளை எடுக்க அவளுக்கு அப்போதும் நினைவு வரவில்லை.